தற்கொடை என்னும் சொல்லும் சாகப் புறப்படுவோரும்

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள், காஷ்மீரத்துப் புல்வாமாவில் நெடுஞ்சாலை வழியே சென்றுகொண்டிருந்த மத்திய ரிசர்வ் காவற்படையின் ஊர்தி வரிசைமீது, வெடிமருந்து நிரப்பிய காரொன்றைக் கொண்டு மோதி மாண்டான் ஓர் இளைஞன். படைவீரர் நாற்பதின்மர் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் நம் கோவில்பட்டியை அடுத்த சவலாப்பேரிச் சிற்றூரைச் சேர்ந்த சுப்பிரமணியன். வானம் பார்த்த கரிசற்காட்டில் பருத்தியும் உளுந்தும் கைவிட்டால், தீப்பெட்டி ஆலையோ பட்டாளமோதான் பிள்ளைகளுக்குப் போக்கிடம். அவ்வாறு போன பிள்ளை ஒருவன் மூவண்ணக் கொடி போர்த்திய பேழையில் ஊர் திரும்பினான். காஷ்மீரம் எங்கோ இருக்கிறது என்று எண்ணியிருந்தோர் வீட்டு வாசலுக்கே அது வந்து சேர்ந்தது.

இரு திங்கள் கழிந்து, ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு நகரின் பெருவிடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தொழுகைக்கு வந்த தாய்மாரும் குழந்தைகளும் உட்பட இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதனை நடத்தியவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அவர்களின் தலைவனாகிய சஹ்ரான் ஹாஷிம் மேடைதோறும் பேசிய மொழி தமிழ். என் தாய்மொழியும் என் மார்க்கத்தின் பெயரும் ஒருசேர அக்கொலைக்குக் கருவியாக்கப்பட்டதை அறிந்த அந்நாளில், தமிழ் கற்பித்து வாழும் எனக்கு உண்டான வெட்கம் சொல்லில் அடங்குவதன்று.

அவ்வாண்டு சூன் திங்களில் ஒருநாள் மாலை, கல்லூரி முடிந்து நெல்லையிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பும் பயணிகள் வண்டியில் என்னுடன் இளங்கலை மாணவன் ஒருவனும் வந்தான். வாஞ்சி மணியாச்சியில் எதிர்வண்டிக்காக வெகுநேரம் நிற்க நேர்ந்தது. பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்த அவன், "ஐயா, இவரும் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தாமும் செத்தவர்தானே? இவர் பெயரை நிலையத்துக்கு வைத்திருக்கிறோம். அவர்களை மட்டும் பயங்கரவாதி என்கிறோம். ஏன் ஐயா?" என்று வினவினான். குதர்க்கமாகக் கேட்கவில்லை, அறியும் ஆவலால் கேட்டான். பெட்டியில் நாற்புறமும் ஆட்கள் இருந்தனர். "அப்புறம் சொல்கிறேன் தம்பி" என்று கூறிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடம்பூர் கடந்து, குமாரபுரம் கடந்து, ஊர் வந்து இறங்கும் வரை விடை கூறவில்லை. அவனுக்குத் தரவேண்டிய அவ்விடையே இக்கட்டுரை.

யார் இவர்கள்?

சாகத் துணிந்து பிறரைக் கொல்லப் புறப்படுவோன் எத்தகையவன்? வறியவன், கல்லாதவன், மனம் பிறழ்ந்தவன், சமயவெறி தலைக்கேறியவன் என்னும் நான்கு விடைகள் பொதுமக்களிடையே உலவுகின்றன. உண்மைச் செய்திகளோடு ஒப்பிட்டால் நான்கும் நிற்பதில்லை.

கொழும்பில் வெடித்தவருள் இருவர் உடன்பிறந்தோர். பெருஞ்செல்வரான நறுமணப்பொருள் வணிகர் ஒருவரின் மைந்தர். அவருள் மூத்தவர் செம்புத் தொழிற்சாலை ஒன்றன் உரிமையாளர். மற்றொருவன் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உயர்கல்வி பயின்றவன். இவர்க்கெல்லாம் வழிகாட்டிய சஹ்ரானோ காத்தான்குடியின் எளிய குடும்பத்தில் பிறந்து, பயின்ற மதரசாவினின்றும் பாதியில் வெளியேற்றப்பட்டவன். புல்வாமா இளைஞன் ஆதில் அகமது தார் பள்ளிப்படிப்பை விட்டு மரமறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலையில் கோவை உக்கடத்தில் ஈசுவரன் கோயிலுக்கு முன்னர்க் காரோடு வெடித்து மாண்ட ஜமேஷா முபீன் பொறியியல் பட்டதாரி. செல்வமும் வறுமையும், கல்வியும் கல்லாமையும் ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம்.

காஸா பகுதியில் 1990களின் பிற்பாதியில் நஸ்ரா ஹசன் என்னும் பாகிஸ்தானியப் பெண்மணி, இத்தகைய தாக்குதலுக்கு ஆயத்தமானோர், அவரை ஆயத்தம் செய்தோர், அவர்தம் குடும்பத்தார் என ஏறத்தாழ இருநூற்றைம்பதின்மரைக் கண்டு பேசினார். கல்வியறிவற்றவரென்றோ கொடிய வறுமையில் உழன்றவரென்றோ மனச்சோர்வினரென்றோ எவரையும் குறிக்க இயலவில்லை என்பதே அவர் கண்டது. இஸ்ரேலிய உளவியலாளர் அரியல் மெராரி இதனை முற்றும் ஏற்கவில்லை. பிடிபட்டோரைச் சிறையில் சோதித்த அவர், பிறரைச் சார்ந்தே முடிவெடுக்கும் இயல்பும் மறுத்துரைக்க அஞ்சும் இயல்பும் அவரிடம் மிகுந்திருந்ததைக் கண்டார். இரண்டும் முரணாகத் தோன்றலாம். என் கருத்தில் முரண் இல்லை. பித்தன் அல்லன், ஆனால் 'மாட்டேன்' என்று தன் கூட்டத்தாரிடம் சொல்லத் தெரியாதவன். அத்தகையோர் நம் வகுப்பறைகளில் எத்தனை பேர்!

சமயம் பற்றிய விடையை மறுக்க நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் யாழ்ப்பாணத்து நெல்லியடியில், பள்ளிக் கட்டடமொன்றில் இயங்கிய இராணுவ முகாமின்மீது வெடிமருந்து ஏற்றிய லாரியைச் செலுத்தி மாண்டவர் கேப்டன் மில்லர் எனப் பெயர் பூண்ட வசந்தன். அன்று தொடங்கி 2009 வரை கரும்புலிகளாக மாண்டோர், அவ்வியக்கத்தின் கணக்குப்படியே முந்நூற்றுக்கு மேற்பட்டோர். அமெரிக்க அறிஞர் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகெங்கும் நிகழ்ந்த 315 தாக்குதல்களைத் தொகுத்தபோது, தனியோர் இயக்கம் என்ற முறையில் மிகுதியானவற்றை, அஃதாவது 76ஐ, நிகழ்த்தியது விடுதலைப் புலிகள் இயக்கமே எனக் கண்டார். அவ்வியக்கம் எவர்க்கும் சுவர்க்கத்தை வாக்களித்ததில்லை. மறுமையை நம்புவோரும் நம்பாதோரும் அதன் அணியில் இருந்தனர். ஆகவே சுவனத்து ஆசைதான் இதன் வேர் என்பார் கூற்று, தமிழரின் அண்மை வரலாற்றை அறியாதார் கூற்றாம்.

முகம் ஒன்று இல்லை என்பதனால், முகத்தைக் கொண்டு ஐயுறும் வழக்கமும் பயனற்றதாகிறது. 2019 மே மாதத்தில் ஒரு பேருந்து நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேருள்ளும் தொப்பி அணிந்திருந்த என் மாணவனின் பை மட்டும் தனியே அவிழ்க்கப்பட்டது. உள்ளே கிடந்தது நன்னூல் காண்டிகையுரை. அவிழ்த்தவர்க்கு நன்னூல் இன்னதென்று விளக்கும் பேறு அவனுக்குக் கிட்டியது. சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னான். ஆயினும் அச்சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை.

வட்டம் சுருங்குதல்

அவ்வாறாயின் இவர்களை ஒன்றுபடுத்துவது யாது? ஆள் அன்று, ஆள் வந்து சேர்ந்த வழி. மார்க் சேஜ்மன் என்னும் உளமருத்துவர், அல்காயிதா சார்ந்த 172 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து, பெரும்பாலோர் நட்பாலும் உறவாலுமே உள்ளே வந்தனர், கொள்கை பின்னரே வந்தது என்றார். கொழும்பில் அண்ணனும் தம்பியும் ஒரே காலைப்பொழுதில் வெவ்வேறு விடுதிகளில் வெடித்தனர். தம்பியின் மனைவி, காவலர் வீட்டிற்குள் நுழைந்தபோது தன் குழந்தைகளோடு வெடித்தாள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் சஹ்ரானின் தந்தையும் உடன்பிறந்தாரும் குழந்தைகள் சூழ மாண்டனர். ஒரு குடும்பமே ஓர் அணியாயிற்று.

அக்குடும்பம் ஒரே நாளில் அந்நிலை எய்தவில்லை. மதரசாவோடு பிணங்கியதும், ஊர்ப் பள்ளிவாசலோடு பிணங்கியதும், பின்னர் தான் நிறுவிய அமைப்போடே பிணங்கியதும் சஹ்ரானின் வரலாறு. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி நெறியினரோடு வாட்களுடன் மோதியபின் தலைமறைவானான். ஒவ்வொரு பிணக்கிலும் அவனைச் சுற்றியிருந்த வட்டம் சுருங்கியது; எஞ்சியோர் மேலும் இறுகினர். பெருங்கூட்டத்தில் மறுத்துரைக்க ஒருவராவது இருப்பர். எட்டுப்பேர் கொண்ட வட்டத்தில் மறுப்பது துரோகமாகிவிடும்.

அவ்வட்டத்தினுள் பேசப்படுவது பெரும்பாலும் உண்மையான குறையே என்பதை மறைத்தல் கூடாது. 2014இல் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. ஆதில் அகமது தாரைக் காவலர் நிறுத்தி மூக்கைத் தரையில் தேய்க்கச் செய்தனர் என அவன் பெற்றோர் கூறினர். 1983இல் கொழும்பில் தமிழர் பட்டது உலகறியும். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் 58 உயிரைக் கொண்ட குண்டுவெடிப்புக்கு முன்னர், 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதனைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் நிகழ்ந்தன. குறை மெய், அதனினின்று போடப்படும் கணக்குத்தான் பொய். திகனையில் கடை எரித்தவன் ஒருவன். நீர்கொழும்பில் திருப்பலி கண்டுகொண்டிருந்த சிறுமி வேறொருத்தி. முன்னவன் கடனைப் பின்னவளிடம் வசூலிக்கும் இக்கணக்கை, தனித்திருந்து எண்ணும் மனிதன் ஒப்பமாட்டான். அதனை ஒப்பச் செய்வதற்கே வட்டம் வேண்டப்படுகிறது.

கணக்கை ஒப்பியவனைப் பின்வாங்க விடாமல் கட்டும் சடங்கு ஒன்றும் உண்டு. கரும்புலிக்குத் தலைவருடன் அமர்ந்து உண்ணும் இறுதி விருந்தும் நிழற்படமும் இருந்தன. ஆதில் தன் இறுதியுரையை முன்னரே பதிவு செய்து வைத்தான். உலகம் அதனைக் காணும்போது தான் இருக்கப்போவதில்லை என அதில் கூறினான். மற்றவர் முகம் மூடியிருக்கச் சஹ்ரான் மட்டும் முகம் காட்டி, கைகளை ஒன்றன்மேலொன்று வைத்துச் செய்த உறுதிமொழியும் பதிவாயிற்று. இவற்றின் பயன் யாது? பதிவு முடிந்த கணமே அவன் உலகின் கணக்கில் இறந்தவனாகிறான். திரும்பி வந்தால் உயிர் இருக்கும், பெயர் இருக்காது. வெட்கத்தைக் காட்டிலும் சாவு எளிதென்று தோன்றும் முனைக்கு அவனைக் கொண்டுநிறுத்துவதே அச்சடங்கின் வேலை.

ஆயத்தம் செய்வோர் பொறுமை மிக்கவர். 1991 மே 21ஆம் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் தணு என்பவள் சந்தன மாலையோடு ராஜீவ் காந்தியை நெருங்குவதற்கு இரு வாரம் முன்னரே, மே 7ஆம் நாள், சென்னையில் வி.பி. சிங் பேசிய கூட்டத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டதாகப் புலனாய்வில் வெளிப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் படமெடுக்க அழைத்து வரப்பட்ட இளைஞர் ஹரிபாபுவும் அங்கேயே மாண்டார். அவர் கருவியிலிருந்த படச்சுருள் எஞ்சி வழக்குக்குச் சான்றாயிற்று. உடன் நின்ற காவலரும் கட்சித் தொண்டரும் பலர் மடிந்தனர். மாலை போடக் காத்திருந்தோர் அவர்கள்.

சொல்லின் வேலை

இனி என் துறைக்குரிய பகுதிக்கு வருகிறேன். சாகப் புறப்படுவோன் கையில் கடைசியாகத் தரப்படுவது வெடிமருந்து. முதலில் தரப்படுவது ஒரு சொல். தமிழில் அச்சொல் 'தற்கொடை' என்பது. தற்கொலை என்ற சொல்லில் ஓரெழுத்தை மாற்றி அமைத்த அச்சொல், அருவருப்பான ஒன்றை வணக்கத்துக்குரியதாக்கிற்று. தமிழ் நாளேடுகள் 1991க்குப் பின் வழங்கிய 'மனித வெடிகுண்டு' என்னும் தொடரோ நேரெதிர். அது மனிதனைப் பொருளாக்கி, அவனை ஆக்கியோரை மறைத்துவிடுகிறது. முன்னது அவனைத் தெய்வமாக்கும்; பின்னது அவனைச் சரக்காக்கும். இரண்டும் அவன் ஒரு தாயின் பிள்ளை, தவறான முடிவொன்றை எடுத்தவன் என்பதைக் காட்டுவதில்லை.

கொடை என்பது யாது? தன் உடைமையைத் தானே பிறர்க்கு ஈதல். பாரியின் தேர் பாரியுடையது. குமணனின் தலை குமணனுடையது. தமிழிலக்கணம் அவிப்பலி என்றொரு துறையை வாகைத் திணையுள் வைத்துப் பேசுகிறது. வீரன் தன் உயிரைச் செஞ்சோற்றுக் கடனாக வழங்குதல் அது. நவகண்டச் சிற்பங்களில் தன் தலையைத் தானே அரியும் வீரனைக் காண்கிறோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தான். பிசிராந்தையாரும் உடனிருந்து மாண்டார். அண்மைக் காலத்தில் 1964 சனவரியில் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியும், 2009 சனவரியில் சென்னையில் தீக்குளித்த நம் தூத்துக்குடி மாவட்டத்து முத்துக்குமாரும் தம்மைத் தவிர எவரையும் எரிக்கவில்லை. இச்செயல்களை நான் பரிந்துரைப்பவன் அல்லன்; உயிர் இறைவன் தந்த அடைக்கலம் என்று நம்பும் எனக்கு அவை துயரமே தருகின்றன. ஆயினும் தமிழர் மரபு எதனைக் கொடையெனக் கொண்டது என்பதற்கு அவை சான்று. ஸ்ரீபெரும்புதூரில் தொண்டர் உயிரைத் தணு எவ்வாறு கொடையளிக்க இயலும்? 1996 சனவரி 31ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியின் முன் சிதறிய எழுத்தரும் பாதசாரியுமாகத் தொண்ணூறு உயிர்கள் யாருடைய உடைமை? 1999 சூலையில் நீலன் திருச்செல்வம் என்னும் தமிழறிஞரைத் தமிழனே வெடித்துக் கொன்றது எந்தத் துறையில் அடங்கும்? இவற்றைத் தற்கொடை என்பது இலக்கணப் பிழையும் ஆகும்.

அரபுச் சொல்லாகிய 'ஷஹீத்' என்பதற்கும் இதே தீங்கு நேர்ந்துள்ளது. அதன் வேர்ப்பொருள் சான்று பகர்தல். உண்மைக்குச் சான்றாய் நின்று அதற்காகக் கொல்லப்படுபவர் ஷஹீத். கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் தாமே தம்மை மாய்த்துக்கொள்ளவில்லை. பணிய மறுத்தார், பகைவர் கொன்றனர். தற்கொலையைத் திருமறை நான்காம் அத்தியாயம் தடுக்கிறது. அநியாயமாக ஓருயிரைக் கொல்வது மாந்தரனைவரையும் கொல்வதை ஒக்கும் என ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. போரில் வீரமாகப் பொருது, காயத்தின் வலி பொறாது தன் வாளின்மீதே வீழ்ந்து மாண்டவனை நரகத்துக்குரியவன் என நபிகள் நாயகம் (ஸல்) கூறிய செய்தி புகாரித் தொகுப்பில் உண்டு. மதரசாவில் ஓதிய பிள்ளைகள் அறிவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம் நமக்கு அண்மை ஊர். படைப்போர் என்றே ஒரு சிற்றிலக்கிய வகையை வளர்த்தவர் தமிழ் முஸ்லிம் புலவர். அப்பாடல்களில் போர் உண்டு. தேவாலயத்துள் மண்டியிட்ட பெண்ணைக் கொல்லும் போர் எதிலும் இல்லை. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, ஈஸ்டர் கொலைஞரின் ஜனாஸாக்களை ஏற்கமாட்டோம் என அறிவித்தது, ஷஹீத் என்ற சொல்லை அவர் கையினின்று பறித்த செயலாகும்.

கரிசற்காட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நம் சிற்றூர்களில் கொலையுண்டோர் தெய்வமாகின்றனர். ஊரெல்லையில் மண்பீடமாய் நிற்கும் அம்மன் பலள், யாரோ அநியாயமாய்க் கொன்ற பெண் என்று பாட்டிமார் கதை சொல்வர். கொன்றோர் வழியினரே அஞ்சிப் பொங்கலிடுவதும் உண்டு. அவ்வழிபாட்டில் குற்றவுணர்வு இருக்கிறது. இனி இவ்வாறு நேராதிருக்க வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. இயக்கங்கள் எழுப்பும் நினைவிடமோ கொன்றோனுக்கு எழுப்பப்படுவது, அடுத்தவனை அழைப்பது.

நினைவின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில், 1799இல், வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீப்பந்தத்தோடு பாய்ந்து சுந்தரலிங்கனாரும் வடிவும் மாண்டனர் என்பது ஒட்டப்பிடாரப் பகுதியில் வழிவழியாக வரும் செய்தி. அம்மாவீரரின் பெயரை 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டியபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டு, இறுதியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்தம் பெயர்களை அரசு நீக்க நேர்ந்தது. இருநூறாண்டுக்கு முன் இறந்தவர் பெயருக்கே இத்தகைய ஆற்றல் உண்டு.

மணியாச்சி வினா

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். 1911ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் காலை மணியாச்சிச் சந்திப்பில், கொடைக்கானலுக்குப் புறப்பட்டுத் தம் மனைவியுடன் முதல்வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த மாவட்ட ஆட்சியர் ஆஷைச் செங்கோட்டை வாஞ்சிநாதன் கைத்துப்பாக்கியால் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். ஒற்றுமைகள் கண்ணை உறுத்துவன. இளைஞர், கற்றவர், திருவிதாங்கூர் வனத்துறையில் பணி பார்த்தவர், மணமானவர். நீலகண்ட பிரம்மச்சாரி அமைத்த சிறுவட்டத்துள் வந்தவர். அவ்வட்டத்தில் காளியின் முன்னர் உறுதிமொழி எடுத்துக் குருதியால் கைந்நாட்டு வைத்தனர் என வழக்கில் கூறப்பட்டது. மாண்டவர் சட்டைப்பையில் கடிதம் இருந்தது. மூவாயிரம் பேர் உறுதி பூண்டுள்ளதாக அது பறைசாற்றியது. அத்தகைய மூவாயிரவர் எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. வட்டத்தை அமைத்த நீலகண்டரோ சிறை சென்று மீண்டு, துறவியாகி, 1978 வரை வாழ்ந்தார். 

வேறுபாடுகளும் உண்டு. எதிரிருக்கையில் இருந்த ஆஷின் மனைவியை வாஞ்சிநாதன் தொடவில்லை. நடைமேடையில் நின்ற பயணியர் எவரையும் கொல்லவில்லை. தன் சாவைக் கருவியாக்கிக் கொல்லவில்லை, பிடிபடாதிருக்கச் செத்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலை முடக்கிய ஆட்சியில் பொறுப்பிலிருந்த ஓர் அதிகாரியை, அவர் செயலுக்காகவே, அவரை மட்டுமே குறிவைத்தார். ஆகவே பெருங்கொலைஞரின் வரிசையில் அவரை நிறுத்துவது அநீதி. அதே வேளை, அக்கடிதத்தில் 'மிலேச்சர்' என ஒரு கூட்டத்தாரையே ஒதுக்கும் நடை உண்டு. அதனைப் படிக்கையில் எனக்கு நெருடுகிறது என்பதையும் மறைக்கமாட்டேன். இவ்விடத்தில் துறை நண்பர் சிலர் என்னோடு வேறுபடுவர். வேறுபடட்டும். நாட்டுப்பற்றுள்ளவர்க்கு அவர் தியாகி என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தம்பி, நீ கேட்ட கேள்வியில் 'இவர்', 'அவர்கள்' என்ற இரு சொற்களுக்கிடையே ஒருவரை விட்டுவிட்டாய்: இறந்தவர். ஒருவனைத் தியாகியென்றோ பயங்கரவாதியென்றோ அழைக்குமுன், அவனால் மாண்டவர் யார், அவர் செய்த குற்றம் யாது என்று கேட்க வேண்டும். சவலாப்பேரி வீட்டில் கேட்டுப் பார். கட்டுவாப்பிட்டியில் கேட்டுப் பார்.

காத்தான்குடியிலும் கேட்கலாம். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் அங்கு இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு மாண்டனர். விடுதலைப் புலிகள் மறுத்தபோதும் ஊர் அவர்களையே குற்றம் சாட்டுகிறது. 2009 மார்ச் 10ஆம் நாள் மாத்தறை மாவட்டத்து அக்குரசையில், மீலாது ஊர்வலத்துள் ஒருவன் வெடித்தான்; பதினான்கு பேர் மாண்டனர். அக்குற்றமும் புலிகள்மீதே சாற்றப்பட்டது. தொழுகையில் நிற்போரைக் கொல்வது எத்தகையதென்று உலகில் எவர்க்கேனும் தெரிந்திருக்குமாயின் காத்தான்குடியார்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வூர்ப் பிள்ளை சஹ்ரான், தொழுகையில் நின்ற வேறு மக்களைத் தேர்ந்தான். அதன் பயனும் அவன் மக்களையே சேர்ந்தது. 2019 மே மாதத்தில் குருநாகல் பக்கத்தும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அத்தகைய பதிலடியை அவன் விரும்பினான் என்றே கருதுகிறேன். இருபாலும் இணங்கி வாழ்வோர் இடையில் நிற்கும்வரை, வட்டத்துக்கு ஆள் சேராது.

இணங்கி வாழ்வோர் செய்ததையும் கூற வேண்டும். சாய்ந்தமருதில் புதிதாய்க் குடிவந்தோரை ஐயுற்றுக் காவலர்க்கு அறிவித்தோர் அவ்வூர் முஸ்லிம்களே. கோவையில் 2022 வெடிப்புக்குப் பின்னர்க் கோட்டைமேட்டு ஜமாஅத்தினர் ஈசுவரன் கோயிலுக்கே சென்று நிர்வாகிகளைக் கண்டு பேசினர்.

நான் செய்யாததைக் கூறுகிறேன். பத்தாண்டுக்கு முன் என்னிடம் பயின்ற ஒருவன் சிறிது சிறிதாக மாறினான். தொழுகை கூடிற்று, அதில் எனக்கு மகிழ்ச்சியே. தாடி வளர்த்தான்; அது சுன்னத்து. ஆனால் தெருப் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினான். கூடப்படித்த இந்துப் பையன்களின் வணக்கத்துக்குப் பதில் தரவில்லை. வாப்பாவின் கடை வருமானம் ஹராம் என்றான். இரவெல்லாம் நண்பர் மூவரோடும் கைப்பேசியோடும் கழித்தான். பக்தி மிகுதல் வேறு, உறவு அறுதல் வேறு என்பதை நான் கண்டேன். கண்டும் வாய் திறக்கவில்லை. நான் ஒரு சொல் சொல்லப்போய் அது எவர் காதிலோ விழுந்து, பையனின் வீட்டு வாசலில் ஜீப்பு நின்றுவிடுமோ என்ற அச்சம். அவனைக் காத்தது நான் அல்லேன், அவன் தாய்மாமன். விருதுநகரில் சிறு துணிக்கடை வைத்திருந்த அவர், ஒருநாள் வந்து, "மருமகனே, கடையில் ஆளில்லை. கல்லாவில் நீ உட்கார்ந்தால்தான் எனக்கு நிம்மதி" என்று கூறி அழைத்துச் சென்றார். வாதம் செய்யவில்லை, மார்க்கம் பேசவில்லை. கல்லாவில் அமர்ந்தவன் நாள்தோறும் நூறு முகம் பார்க்க வேண்டியதாயிற்று. தாலிக்குக் கூறைப்புடவை எடுக்க வருவோர், பேரனுக்குச் சட்டை கேட்டுப் பேரம் பேசும் கிழவிமார், கடன் சொல்லும் தீப்பெட்டி ஆலைப் பெண்கள். ஓராண்டில் அம்மூவரின் அழைப்புகளை எடுப்பதை அவனாகவே விட்டான். அவன் எங்கும் சென்று எதுவும் செய்திருக்கமாட்டான் என்றே நம்புகிறேன். ஆயினும் அவ்வாண்டு முழுதும் நான் பேசாதிருந்தது இன்றும் உறுத்துகிறது.

வண்டியில் கேள்வி கேட்ட மாணவன் இப்போது ஆசிரியப் பயிற்சி முடித்து விளாத்திகுளம் பக்கத்தில் பள்ளியொன்றில் பணிபுரிகிறான். இம்மலர் அச்சாகி வந்ததும் அவன் பெயரெழுதி ஒரு படியை அஞ்சலில் அனுப்ப வேண்டும். முகவரியைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.